ரிமோட் ட்ரக் கிட்டுக்கு இலத்திரனியல் பாகங்கள்: வாங்குவது முதல் பூட்டுவது வரை

கிட் பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கையேட்டின் முதல் பக்கத்தில் தொடங்கி, சேஸியை முழுதாகப் பூட்டி, டயரும் மாட்டி, மேசையில் வைத்து அழகு பார்ப்பார்கள். அதன் பிறகுதான் மோட்டருக்கும் ரிமோட்டுக்கும் என்ன வாங்கலாம் என்று தேடுவார்கள். வாங்கி வந்தால் பற்றரி தட்டுக்குள் போகாது. முன்சக்கரத்தைத் திருப்பும் சேர்வோவை வைக்க முன்பக்கத்தை மறுபடி கழற்ற வேண்டிவரும். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மட்டும் நான்கு பேருக்கு ட்ரக் பூட்ட உதவியிருக்கிறேன். நால்வரும் இதே இடத்தில்தான் தடுக்கினார்கள். அவர்களுக்கு முன் நானும்.

கீழே வருவது 1/10 அளவில், நான்கு சக்கரமும் இழுக்கும், பிரஷ் மோட்டர் போட்ட மெதுவோட்ட ட்ரக்குக்கானது. பந்தயக் கார்களுக்குக் கணக்கு வேறு.

1. பெட்டியில் இல்லாததைப் பட்டியல் போடுங்கள்

வண்டி ஓட ஆறு சாமான்கள் வேண்டும்: மோட்டர், இஎஸ்சி என்று எல்லோரும் சொல்லும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஸ்டியரிங் சேர்வோ, ரிசீவரோடு கூடிய ரிமோட், பற்றரி, சார்ஜர். இதில் எது கிட்டுக்குள் வருகிறது என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். ஜப்பானின் டமியா கொம்பனிக் கிட்களில் பெரும்பாலும் 540 என்ற அளவு மோட்டர் ஒன்று இருக்கும்; சிலவற்றில் இஎஸ்சியும் இருக்கும். பாறை ஏறும் ட்ரக் கிட்கள் பலவற்றில் மோட்டரே இருக்காது. மூடியில் இருக்கும் படத்தை நம்ப வேண்டாம். பெட்டியின் பக்கவாட்டில் "தனியாக வாங்க வேண்டியவை" என்று ஒரு பட்டியல் இருக்கும், அதைப் பாருங்கள்.

மோட்டருக்கு மேல் போகும் சின்னப் பற்சக்கரம், அதாவது பினியன், கிட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லாம் பூட்டிவிட்டுப் பினியன் இல்லாமல் நின்றவர் ஒருவர் எங்கள் மாடியிலேயே இருக்கிறார்.

2. கடைக்குப் போக முன் அளவுகோலை எடுங்கள்

முதலில் அளக்க வேண்டியது பற்றரித் தட்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு செல் கொண்ட வழக்கமான "ஸ்டிக்" பற்றரி ஏறத்தாழ 138 மில்லிமீற்றர் நீளம், 47 அகலம், 25 உயரம். இதே அளவில் லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரிகளும் வருகின்றன, ஆனால் மூலையைக் கவனியுங்கள். பழைய டமியா சேஸிகளின் தட்டு, விளிம்பு உருண்ட பற்றரிக்காக வார்க்கப்பட்டது. சதுர மூலை கொண்ட கெட்டி ஓட்டு லிப்போ அதற்குள் இறங்காது. நீளமும் அகலமும் சரியாக இருந்தும் போகாதபோது பற்றரியைச் சுரண்டத் தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது சேர்வோ உட்காரும் இடம். சாதாரண அளவு சேர்வோ ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் நீளம், 20 அகலம். உயரம்தான் கொம்பனிக்குக் கொம்பனி மாறும்.

கருவிகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: 1.5, 2, 2.5 மில்லிமீற்றர் ஹெக்ஸ் சாவிகள், 60 வொற் சோல்டரிங் அயன், மல்டிமீட்டர், ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி வயரை மூடும் குழாய்), இரட்டைப் பக்க ஒட்டு நாடா, நீல நிறத் திருகுப் பசை. டமியா கிட் என்றால் ஜப்பானிய ஜேஐஎஸ் அளவு ஸ்க்ரூ ட்ரைவரும் வேண்டும். நம் வீட்டில் கிடக்கும் சாதாரண நட்சத்திர ட்ரைவர் அந்தத் திருகின் தலையைச் சப்பிவிடும். அப்புறம் அதைக் கழற்றவே முடியாது.

3. மோட்டரையும் இஎஸ்சியையும் சோடியாகத் தெரிவு செய்யுங்கள்

பிரஷ் மோட்டரின் மேல் 27, 35, 45, 55 என்று ஓர் எண் இருக்கும். அது உள்ளே கம்பி எத்தனை சுற்றுச் சுற்றப்பட்டிருக்கிறது என்பது. சுற்று கூடக் கூட வேகம் குறையும், மின்னோட்டமும் குறையும், மெதுவாக நகரும்போது கட்டுப்பாடு நன்றாக இருக்கும். முதல் ட்ரக்குக்கு என் தெரிவு 35. பாறையில் மட்டும்தான் ஏற்றப்போகிறேன் என்பவர் 45 அல்லது 55 வாங்கலாம். ஆனால் பிள்ளைகள் ஓட்டுவது என்றால் 55 இரண்டு நாளில் அலுத்துவிடும்.

பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டர் வாங்கச் சொல்லிக் கடையில் ஆசை காட்டுவார்கள். உணரி இல்லாத மலிவான பிரஷ்லெஸ், நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது திக்கித் திக்கி இழுக்கும். இந்த வகை ட்ரக்குக்குத் தேவையே மெதுவான புறப்பாடுதான். ஆகவே பிரஷ் போதும்.

மோட்டரை முடிவு செய்த பின்தான் இஎஸ்சி. இஎஸ்சி எத்தனை சுற்று மோட்டர் வரை தாங்கும் என்று அதன் தாளில் எழுதியிருக்கும். பலரும் வாங்கும் ஹொபிவிங் குயிக்ரன் 1060, 2எஸ், அதாவது இரண்டு செல் லிப்போவில் 540 மோட்டர் 12 சுற்றும் அதற்கு மேலும், 3எஸ்ஸில் 18 சுற்றும் அதற்கு மேலும் தாங்கும். 35 சுற்று மோட்டருக்கு அது தாராளம். அதில் இரண்டு சின்ன ஜம்பர்கள் உண்டு: ஒன்று பற்றரி வகைக்கு, மற்றது ஓட்ட முறைக்கு. முன், பிரேக், பின் என்று மூன்றும் உள்ள முறை தெருவில் ஓட்ட நல்லது. பிரேக் இல்லாமல் நேரே முன்-பின் மாறும் முறை பாறை ஏறுவதற்கு.

புதியவர்கள் பார்க்காமல் விடும் எண் ஒன்று இருக்கிறது. இஎஸ்சிக்குள் பிஈசி என்ற பகுதி உண்டு. ரிசீவருக்கும் சேர்வோவுக்கும் மின்சாரம் கொடுப்பது அதுதான். இந்த விலைத்தரத்தில் அது 2 அல்லது 3 அம்பியர்தான் கொடுக்கும். ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த படியில் எல்லோரும் பெரிய சேர்வோவுக்கு ஆசைப்படுவார்கள்.

4. சேர்வோ: எத்தனை கிலோ போதும்?

சேர்வோவின் பலம் கிலோ-சென்டிமீற்றரில் சொல்லப்படும். 10 கிலோ என்றால், அச்சிலிருந்து ஒரு சென்டிமீற்றர் தூரத்தில் 10 கிலோ இழுக்கும். அச்சில் மாட்டும் கை, அதாவது கொம்பு, இரண்டு சென்டிமீற்றர் நீளமென்றால் அதே சேர்வோவுக்கு 5 கிலோதான். சாதாரண ட்ரக்குக்கு 10 முதல் 15 கிலோ, உலோகப் பற்சக்கரம். இது போதும்.

20, 25 கிலோ போட்டால் என்ன? சக்கரம் கல்லில் சிக்கி நிற்கும்போது அப்படிப்பட்ட சேர்வோ 2 அம்பியருக்கு மேல் இழுக்கும். பிஈசி தாங்காமல் வோல்ட் விழும், ரிசீவர் அணைந்து மறுபடி எழும்பும். அந்த ஒன்றிரண்டு நொடி வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. ரிமோட் பழுது என்று நினைத்துப் புது ரிமோட் வாங்கிய கதையும் உண்டு. பெரிய சேர்வோதான் வேண்டுமென்றால் தனி பிஈசி ஒன்றை வாங்கி, ரிசீவரில் செருகும் இஎஸ்சி பிளக்கிலிருந்து சிவப்பு வயரை மட்டும் வெளியே எடுத்து நாடா சுற்றிவிடுங்கள். இரண்டு மின்வழங்கிகள் ஒரே கம்பியில் மோதக்கூடாது.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் மாணவர்கள் றோபோ செய்ய வாங்கும் எம்ஜி996ஆர் வகை சேர்வோ மலிவு, உலோகப் பல்லும் உண்டு. பழக அது போதும், ஆனால் தண்ணீர் படக்கூடாது.

அச்சின் பல் எண்ணிக்கையையும் கேளுங்கள். இப்போது பெரும்பாலானவை 25 பல். ஹைடெக் சேர்வோக்களில் 24 பல் பரவலாக இருக்கிறது. 25 பல் கொம்பை 24இல் அழுத்தினால் ஏறுவதுபோலத் தெரியும், பிறகு வழுக்கும்.

5. ரிமோட்

2.4 கிகாஹேர்ட்ஸ், துப்பாக்கிப் பிடி, குறைந்தது மூன்று சேனல். முதல் சேனல் ஸ்டியரிங், இரண்டாவது மோட்டர், மூன்றாவது பிறகு லைற் போட. விலையைப் பார்க்க முன் மூன்று வசதிகளைப் பாருங்கள்: சேனல் திருப்பம், சேர்வோ ஓட எல்லையை இரு பக்கமும் தனித்தனியே குறைக்கும் வசதி, சிக்னல் அறுந்தால் வண்டியை நிறுத்தும் ஃபெயில்சேஃப். எல்லை குறைக்கும் வசதி இல்லாத ரிமோட்டை இலவசமாகத் தந்தாலும் எடுக்க மாட்டேன். ஏன் என்பது 9ஆம் படியில் தெரியும்.

மேலதிக ரிசீவர் வாங்கும்போது அதே கொம்பனி என்பது மட்டும் போதாது. ஒரே ஃப்ளைஸ்கை கொம்பனியிலேயே பழைய முறையும் புதிய முறையும் ஒன்றோடு ஒன்று சேராது.

6. பற்றரியும் சார்ஜரும்

பத்து வயதுப் பிள்ளை தானே கழற்றி மாட்டப்போகிறது என்றால் 7.2 வோல்ட் நிக்கல் பற்றரி வாங்குங்கள். பெரியவர் ஒருவர் பொறுப்பெடுத்தால் கெட்டி ஓட்டு 2எஸ் லிப்போ நல்லது: 7.4 வோல்ட், முழுச் சார்ஜில் 8.4.

லிப்போவுக்கு, செல்களைச் சமமாக நிரப்பும் பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம். நிக்கல் பற்றரிக்கான சார்ஜரில் லிப்போவை ஒருபோதும் போடாதீர்கள். எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது, பற்றரி ஊதி எரியும். சார்ஜ் மின்னோட்டம் பற்றரியின் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவு: 3000 மில்லி அம்பியர்-மணி என்றால் 3 அம்பியர். சீமெந்துத் தரையில், மண்சட்டிக்குள் வைத்து, நீங்கள் வீட்டில் விழித்திருக்கும்போது சார்ஜ் செய்யுங்கள். கட்டிலிலும் மெத்தையிலும் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் செல் ஒன்றுக்கு 3.8 வோல்டில் வையுங்கள். பெரும்பாலான சார்ஜர்களில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது.

பற்றரியை மட்டும் உள்ளூரில் வாங்குங்கள். தனி லித்தியம் பற்றரியை விமானப் பொதியில் அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு. மற்றதெல்லாம் வந்து சேர்ந்து பற்றரி வராமல் காத்திருப்பீர்கள். சார்ஜரின் பிளக்கையும் பாருங்கள். 13 அம்பியர் சதுர முனையும் 5 அம்பியர் உருண்டை முனையும் கலந்திருக்கும் கொழும்பு வீடுகளில், கிடைத்த அடப்டரை எல்லாம் அடுக்கி மாட்டுவது சூடேறும் வேலை.

7. பிளக்கை ஒரே வகையாக்குங்கள்

பற்றரி ஒரு வகை, இஎஸ்சி ஒரு வகை, சார்ஜர் மூன்றாவது வகை என்று பிளக் வந்து சேரும். வெள்ளை நிற டமியா பிளக் மெதுவான ட்ரக்குக்குச் சமாளிக்கும், ஆனால் மின்னோட்டம் கூடினால் உருகும். நான் எல்லாவற்றையும் எக்ஸ்டி60 வகைப் பிளக்குக்கு மாற்றிவிடுகிறேன்.

வரிசை முக்கியம். பற்றரியின் பழைய பிளக்கை வெட்டும்போது ஒரு வயரை மட்டும் வெட்டி, சோல்டர் செய்து, மூடிய பிறகே மற்ற வயரைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் கத்தரிக்கோலே இரண்டு முனையையும் இணைத்துவிடும், பொறி பறக்கும். ஹீட் ஷ்ரிங்கை வயரில் முதலில் கோத்துவிட்டுத்தான் சோல்டர். இதை மறப்பதும், நன்றாகப் பிடித்த ஈயத்தைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொள்வதும் எனக்கு இன்னும் நடக்கிறது.

சோல்டர் செய்யும்போது எதிர்ப் பிளக்கை மாட்டி வையுங்கள். பிளாஸ்டிக் இளகினாலும் முனைகள் சாயாமல் இருக்கும். ஆனால் அந்த எதிர்ப் பிளக்கில் பற்றரி எதுவும் இருக்கக்கூடாது. பற்றரிப் பக்கத்துக்கு எப்போதும் குழி முனை. மின்சாரம் இருக்கும் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது.

8. வண்டியில் வைக்காமல் மேசையில் ஓட்டிப் பாருங்கள்

சேஸியை இன்னும் தொடாதீர்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி இணையுங்கள். இஎஸ்சியை ரிசீவரின் இரண்டாம் சேனலிலும் சேர்வோவை முதலாம் சேனலிலும் செருகுங்கள். கறுப்பு அல்லது கபில நிற வயர் கழித்தல், நடுவில் சிவப்பு, மஞ்சள் அல்லது வெள்ளை சிக்னல். ரிசீவரின் கழித்தல் குறி எந்தப் பக்கமோ கறுப்பு அந்தப் பக்கம். மாற்றிச் செருகினால் பெரும்பாலும் எதுவும் எரியாது, நடுவில் சிவப்பு இருப்பதால் தப்பும். ஆனால் எதுவும் அசையாது.

ரிமோட்டை முதலில் போடுங்கள், பிறகுதான் பற்றரி. அணைக்கும்போது தலைகீழ்: முதலில் வண்டி, பிறகு ரிமோட். சிக்னல் இல்லாமல் விழிக்கும் ரிசீவர் மோட்டரை என்ன செய்யும் என்பது உங்கள் கையில் இல்லை.

1060 போன்றவை மின்சாரம் வந்ததும் அப்போதைய விசை நிலையையே நடுவாக எடுத்துக்கொள்ளும். ஆகவே ரிமோட்டில் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் ட்ரிம் பூச்சியத்தில் இருக்க வேண்டும், விசையைத் தொடாமல் மூன்று நொடி பொறுக்க வேண்டும். வேறு சில இஎஸ்சிகளுக்கு முழு முன், முழு பிரேக் என்று காட்டிக்கொடுக்க வேண்டும், தாளைப் பாருங்கள். ஃபுட்டாபா ரிமோட் வைத்திருப்பவர்கள் மோட்டர் சேனலைத் திருப்பிவிட வேண்டியிருக்கும்.

இதை ஏன் மேசையில் செய்கிறோம்? கோளாறு வந்தால் எது குற்றவாளி என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். எல்லாவற்றையும் பூட்டி, நாடா ஒட்டி, வயர் கட்டிய பிறகு அதே வேலை ஒரு பின்னேரத்தைத் தின்றுவிடும்.

9. சேர்வோவை நடுவுக்குக் கொண்டுவந்த பின்பே கொம்பு

என் மருமகனுக்கு வயது பதின்மூன்று. சேர்வோவை மின்சாரம் கொடுக்காமலே சேஸியில் பூட்டி, கையால் திருப்பி "இதுதான் நடு" என்று முடிவு செய்து, கொம்பை இறுக்கிவிட்டான். பற்றரி மாட்டியதும் முன்சக்கரங்கள் ஒரே பக்கம் முறுகி நின்றன. "மாமா, உள்ளுக்குள்ள வண்டு இரையுது" என்றான். அந்த இரைச்சல், சேர்வோ போக முடியாத இடத்துக்குப் போக முயலும் சத்தம். நான் சமையலறையிலிருந்து வந்து சேர்வதற்குள் சூடான பிளாஸ்டிக் மணம் வந்துவிட்டது. தொட்டால் சுடுகிறது. அந்தச் சேர்வோ அதற்குப் பிறகு நிமிரவில்லை.

சரியான வரிசை இது. ரிமோட்டின் ட்ரிம் பூச்சியம். மின்சாரம் கொடுங்கள், சேர்வோ தானே நடுவில் நிற்கும். அந்த நிலையில் கொம்பை ஸ்டியரிங் கம்பிக்குச் செங்குத்தாக வரும் பல்லில் ஏற்றுங்கள். அரைப் பல் விலகல் இருந்தால் அதை மட்டும் ட்ரிம்மால் சரிசெய்யுங்கள். பிறகு கம்பியின் நீளத்தை மாற்றிச் சக்கரங்களை நேராக்குங்கள்.

கடைசியாக எல்லை. சக்கரத்தை முழுதாக ஒரு பக்கம் திருப்பிக் காதைக் கிட்ட வையுங்கள். இரைந்தால், ரிமோட்டில் அந்தப் பக்க எல்லையை இரைச்சல் நிற்கும் வரை குறையுங்கள். மற்றப் பக்கமும் அப்படியே. இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

உலோகக் கொம்புத் திருகுக்கு ஒரு துளி நீலப் பசை. பிளாஸ்டிக்கில் விடாதீர்கள், சில பிளாஸ்டிக் அதில் வெடித்துப்போகும். கிட்டோடு வரும் ஸ்ப்ரிங் வைத்த சேர்வோ சேவர், பிளாஸ்டிக் பல் சேர்வோவைக் காப்பாற்றும். உலோகப் பல் சேர்வோவுடன் பாறையில் ஏற்றுபவர்கள் அதை எடுத்துவிட்டு நேர்க்கொம்பு போடுவார்கள். ஸ்ப்ரிங் விட்டுக்கொடுத்தால் சக்கரம் கல்லுக்கு எதிராகத் திரும்பாது.

10. மோட்டரும் பற்சக்கர இடைவெளியும்

பினியனின் சின்னத் திருகு, மோட்டர் அச்சின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும். உருண்டைப் பக்கத்தில் இறுக்கினால் பத்து நிமிடத்தில் வழுகும். பல்லின் அளவும் பினியன் கடிக்கும் பெரிய பற்சக்கரத்தோடு பொருந்த வேண்டும். 32 பிட்ச்சுக்கு 48 பிட்ச் பினியன் போட்டால் அரைத்துத் தூளாக்கும்.

மோட்டரைப் பிடிக்கும் இரண்டு எம்3 திருகுகளின் நீளத்தைக் கவனியுங்கள். கிட்டில் இருந்தது தொலைந்ததென்று நீளமானதைப் போட்டால் அது உள்ளே போய்ச் சுற்றுக்கம்பியை உரசும்.

இடைவெளிக்கு அப்பியாசக் கொப்பித் தாளே போதும். ஒரு கீற்றை இரண்டு பற்சக்கரத்துக்கும் நடுவில் செருகி, மோட்டரை அழுத்தி, திருகை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாளில் மடிப்பு தெளிவாக விழுந்து, கிழியாமல் வந்தால் சரி. கிழிந்தால் இறுக்கம். மடிப்பே இல்லையென்றால் தளர்வு, பல் தின்னும். இடைவெளியை ஓரிடத்தில் அல்ல, பெரிய பற்சக்கரத்தின் நாலைந்து இடத்தில் பாருங்கள். சில சக்கரங்கள் சற்றே கோணலாக இருக்கும்.

11. எதை எங்கே வைப்பது

ரிசீவர், மோட்டரிலிருந்தும் இஎஸ்சியிலிருந்தும் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில். பிரஷ்கள் பொறி தட்டும்போது எழும் இரைச்சல் சிக்னலில் கலக்கும். மோட்டர் முனைகளில் "104" என்று எழுதிய சின்னக் கபாசிற்றர்கள் இருந்தால் அவற்றைப் பிடுங்காதீர்கள், இரைச்சலை அடக்குவது அவைதான். ரிசீவரின் ஏரியலை வெட்டவோ சுருட்டவோ கூடாது. அதன் நுனியில் உறை உரித்த 31 மில்லிமீற்றர் அளவுத் துண்டுதான் சிக்னலைப் பிடிக்கிறது. அதைக் குழாயில் விட்டு நிமிர்த்தி வையுங்கள்.

ஒட்டு நாடாவுக்கு முன் இரண்டு பரப்பையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் துடைக்காமல் ஒட்டியது ஒரு மாதத்தில் உரிந்து தொங்கும். இஎஸ்சியின் வெப்பத்தகடு மேல் பார்க்க வேண்டும். சுவிட்சை, உடலை மூடிய பிறகும் விரல் போகும் இடத்தில் வையுங்கள்.

வயர் கட்டுவதற்கு முன் வண்டியைக் கையால் முழுதாக அழுத்தி, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே மேலே தள்ளிப் பாருங்கள். சேர்வோவே சக்கர அச்சின் மேல் இருக்கும் ட்ரக் என்றால் அதன் வயருக்குத் தளர்வு வேண்டும். இல்லாவிட்டால் முதல் குழியில் பிளக் கழன்றுவிடும். தளர்வு கூடினால் சுழலும் தண்டு வயரைச் சுற்றி இழுக்கும். இரண்டையும் பார்த்த பிறகே கட்டுங்கள்.

12. முதல் ஓட்டம்

ஒரு பெரிய பால்மா டின்னைக் கவிழ்த்து, அதன் மேல் சேஸியை வையுங்கள், சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கட்டும். மேசையில் சக்கரம் பட நின்ற வண்டி, விசையைத் தொட்டதும் தரைக்குப் பாய்ந்ததை ஒரு முறை பார்த்தால் போதும்.

வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போகிறதா? இல்லையென்றால் ரிமோட்டில் சேனலைத் திருப்புங்கள். முன்னுக்கு அழுத்தினால் பின்னுக்குச் சுற்றினால், மோட்டரின் இரண்டு வயரையும் மாற்றிச் செருகுங்கள். பிரஷ் மோட்டருக்கு அது பிழையல்ல. ஆனால் இஎஸ்சியின் பற்றரி வயரை மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள், அந்த நொடியே செத்துவிடும். பின்னுக்குப் போகவில்லை என்று பதறவும் வேண்டாம். பிரேக் உள்ள முறையில் ஒருமுறை தள்ளினால் பிரேக், விட்டு மறுபடி தள்ளினால்தான் ரிவர்ஸ்.

பிறகு சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது ரிமோட்டை அணையுங்கள். சக்கரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப் சரியாக வைக்கும்வரை காலி வீதிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பற்றரி ஜம்பர் லிப்போவில் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். நிக்கல் நிலையில் விட்டால் லிப்போவை அடிமட்டம் வரை உறிஞ்சிவிடும்.

தரையில் முதல் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டரைத் தொடுங்கள். மூன்று நொடி விரல் வைக்க முடியவில்லை என்றால் ஒன்றிரண்டு பல் குறைந்த பினியன் போட வேண்டும். வெள்ளவத்தைக் கடற்கரை கிட்ட இருக்கிறது என்று மணலுக்குக் கொண்டுபோக ஆசை வரும். இஎஸ்சி தண்ணீர் தாங்கினாலும் மோட்டரின் பிரஷும் பேரிங்கும் உப்பைத் தாங்காது. மழைத் தண்ணீரில் ஓடினால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே உடலைக் கழற்றி வைத்து, பேரிங்கில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள்.

ஓட்டி முடித்ததும் சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாமல் பற்றரியைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். சுவிட்ச் அணைந்தாலும் இஎஸ்சி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். பள்ளிப் பரீட்சை முடியும் வரை என்று அலுமாரிக்குள் மாட்டியபடியே வைத்த லிப்போ ஒன்று, மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது தலையணை மாதிரி ஊதி, தட்டிலிருந்து வெளியே எடுக்கவே முடியாமல் இருந்தது.